முதல் சர்வர்: நிறுவி முடித்ததும் வரும் கறுப்புத் திரை

உபுண்டு சர்வர் என்ற இயங்குதளத்தை முதல் தடவை நிறுவி முடித்து, கணினி மறுபடி எழுந்து வந்ததும் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டெஸ்க்டாப் எங்கே?" கறுப்புத் திரை. அதில் 'லாகின்' என்று ஒரு சொல், பக்கத்தில் சிமிட்டிக்கொண்டிருக்கும் ஒரு கோடு. மவுஸை அசைத்தால் எதுவும் நகராது. ஏதோ பாதியில் நின்றுவிட்டது என்று நினைத்து, மறுபடி முதலிலிருந்து நிறுவியவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் எல்லாம் சரியாகத்தான் முடிந்திருக்கும். சர்வரின் முகமே அதுதான்.

நம் மேசையில் இருக்கும் கணினி, எதிரே உட்கார்ந்திருப்பவருக்காக வேலை செய்கிறது. சர்வருக்கு எதிரே யாரும் உட்காருவதில்லை. அதைப் பயன்படுத்துபவர்கள் எல்லாரும் வேறு எங்கேயோ, கம்பிக்கு மறுமுனையில் இருக்கிறார்கள். அப்படியிருக்க ஜன்னல்களும் ஐகான்களும் எதற்கு? அவை நினைவகத்தைத் தின்னும். அதைவிட முக்கியமாக, கூடுதலாக நிறுவும் ஒவ்வொரு மென்பொருளையும் நாம் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதில் ஓட்டை இருந்தால், அது நம் சர்வரின் ஓட்டை. தேவையில்லாததை வைக்காமல் இருப்பதே சர்வர் நிர்வாகத்தின் முதல் பாடம். அந்தக் கறுப்புத் திரை முதல் நாளே அதைச் சொல்லித் தருகிறது.

நிறுவுவதற்கு அரை மணி நேரம் போதும். அதற்கான கேள்விகளுக்கு 'அடுத்து', 'அடுத்து' என்று அழுத்தியேகூட முடித்துவிடலாம். அதற்குப் பிறகு அந்த இயந்திரம் பல ஆண்டுகள் ஓடும், பலர் அதை நம்பி இருப்பார்கள். கற்றுக்கொள்ள வேண்டியது அந்தப் பல ஆண்டுகளுக்கானது. அதை உடைத்துப் பார்த்துத்தான் கற்க முடியும் என்பது என் உறுதியான எண்ணம். எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அப்படி என்னதான் செய்கிறது?

இருபது கணினிகள் உள்ள ஓர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் தம் கோப்புகளைத் தம் கணினியிலேயே வைத்திருக்கிறார்கள். ஒருவர் விடுப்பில் போனால் அவர் கோப்பை எடுக்க முடியாது. ஒருவரின் ஹார்ட் டிஸ்க் பழுதானால் அவருடைய இரண்டு வருட வேலை போய்விடும். புதிதாக ஒருவர் சேர்ந்தால், இருபது இடங்களில் அவருக்குக் கணக்கு உருவாக்க வேண்டும். இதையெல்லாம் ஓரிடத்தில் கொண்டுவந்து வைப்பதற்காகப் பிறந்ததுதான் நெட்வொர்க் சர்வர்.

1980-களில் நாவெல் நிறுவனத்தின் நெட்வேர் இதைத்தான் செய்தது. கோப்புகளையும் பிரின்டரையும் பலர் பகிர்ந்துகொள்ள அது வழி செய்தது. 1993-இல் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் என்டி வரிசையைத் தொடங்கியபோது அதில் சர்வருக்கென்றே ஒரு பதிப்பு இருந்தது. இன்றைய விண்டோஸ் சர்வர் அதன் வழித்தோன்றல். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1991-இல், ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை லினக்ஸ் என்ற பெயரில் வெளியிட்டிருந்தார். அதைச் சுற்றி டெபியன், ரெட் ஹேட், பின்னர் உபுண்டு என்று பல இயங்குதளங்கள் உருவாகின.

சாதாரணக் கணினியில்கூட சர்வர் இயங்குதளத்தை நிறுவலாம். இரண்டு பவர் சப்ளை, தவறைத் தானே திருத்தும் ஈசிசி நினைவகம், ஓடும்போதே கழற்றி மாட்டக்கூடிய டிஸ்க் என்று சர்வர் பெட்டிகளுக்குத் தனிச் சிறப்புகள் உண்டு. ஆனால் கற்பதற்கு அவை எதுவும் தேவையில்லை.

எதில் தொடங்குவது? அலுவலகக் கணினிகள் எல்லாம் விண்டோஸ், பயனர் கணக்குகளை ஆக்டிவ் டைரக்டரியில் வைத்து நிர்வகிக்கிறார்கள் என்றால், விண்டோஸ் சர்வர் தெரிந்தே ஆக வேண்டும். அதற்கு 180 நாள் சோதனைப் பதிப்பை மைக்ரோசாஃப்டே தருகிறது. பழக அது தாராளம். இணையதளங்களும் கிளவுடும் பெரும்பாலும் லினக்ஸ் பக்கம். இரண்டில் எந்தக் கட்டாயமும் இல்லாத ஒருவர் என்னிடம் கேட்டால், டெபியனையோ உபுண்டு சர்வரையோதான் சொல்வேன். அங்கே ஏறத்தாழ எல்லா அமைப்புகளும் சாதாரண எழுத்துக் கோப்புகள். திறந்து படிக்கலாம், நகல் எடுக்கலாம், மாற்றினால் என்ன ஆகிறது என்று நேருக்கு நேர் பார்க்கலாம். இங்கே கருத்து புரிந்துவிட்டால், அதையே விண்டோஸில் எந்த ஜன்னலில் தேடுவது என்பது சிறிய விஷயம்.

பதிப்பு எண்ணையும் கவனியுங்கள். உபுண்டு 24.04 என்றால் 2024 ஏப்ரலில் வந்தது என்று பொருள். இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வருவதை எல்டிஎஸ் என்பார்கள். அதற்கு ஐந்து வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். இடையில் வருபவற்றுக்கு ஒன்பது மாதம்தான். சர்வருக்கு எப்போதும் எல்டிஎஸ். எந்த இயங்குதளமாக இருந்தாலும் இறக்கிக்கொள்ளும் முன் பார்க்க வேண்டியது அதன் புதுமையை அல்ல, ஆதரவு எந்தத் தேதியில் முடிகிறது என்பதை.

உடைப்பதற்கென்றே ஒரு கணினி

பிறர் நம்பியிருக்கும் இயந்திரத்தில் பழகாதீர்கள். விர்ச்சுவல் மெஷின் என்று ஒன்று இருக்கிறது. நம் கணினிக்குள்ளேயே மென்பொருளால் ஆன இன்னொரு கணினி. அதை உருவாக்கித் தரும் விர்ச்சுவல்பாக்ஸ் இலவசம். விண்டோஸின் ப்ரோ பதிப்புகளில் ஹைப்பர்-வி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. லினக்ஸில் கேவிஎம் இருக்கிறது. 2 ஜிபி நினைவகமும் 25 ஜிபி டிஸ்க்கும் ஒதுக்கினால் கிராஃபிக்ஸ் இல்லாத ஒரு லினக்ஸ் சர்வர் நிம்மதியாக ஓடும்.

முடிந்தால் இரண்டு உருவாக்குங்கள். ஒன்று சர்வர், இன்னொன்று அதைப் பயன்படுத்தும் கணினி. சர்வரை மட்டும் வைத்துக்கொண்டு பழகினால், அது வேலை செய்கிறதா என்று சர்வரிடமே கேட்டுக்கொண்டிருப்போம். அது 'ஆம்' என்றுதான் சொல்லும். வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டிப் பார்த்தால்தான் திறந்திருக்கிறதா என்று தெரியும்.

விர்ச்சுவல் மெஷினின் மிகப் பெரிய வரம் ஸ்னாப்ஷாட். இந்த நொடியில் அது இருக்கும் நிலையை அப்படியே பிடித்து வைக்கலாம். அதன்பின் எதை வேண்டுமானாலும் கெடுத்துப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம். பயமில்லாமல் கற்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

சரி, நிறுவுவோம். இறக்கிய கோப்பின் செக்சம் எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்), வெளியிட்டவர்கள் தரும் எண்ணோடு ஒப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். இறக்கும்போது சிதைந்த கோப்பு நிறுவலின் பாதியில் புரியாத பிழைகளைத் தரும். மொழி, விசைப்பலகை எல்லாம் எளிய கேள்விகள். நின்று யோசிக்க வேண்டியவை மூன்று: சர்வரின் பெயர், டிஸ்க்கைப் பிரிக்கும் விதம், நெட்வொர்க் முகவரி.

பெயரை அலட்சியமாக வைக்காதீர்கள். 'டெஸ்ட்', 'சர்வர்1', 'புதியசர்வர்' என்று வைத்தால், ஐந்து சர்வர்கள் வந்த பிறகு எது எது என்று தெரியாது. இதன் விலை என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

டிஸ்க் பிரிப்பதில் புதியவர்கள் குழம்பும் ஓர் இடம் உண்டு. உபுண்டு சர்வர் தானாகப் பிரிக்கும்போது எல்விஎம் என்ற முறையைக் கையாளும். 100 ஜிபி டிஸ்க் கொடுத்திருப்பீர்கள். நிறுவி முடித்துப் பார்த்தால் ஏறத்தாழ பாதிதான் கண்ணில் படும். மீதி எங்கும் போகவில்லை. பின்னால் தேவைப்படும் இடத்துக்கு நீட்டிக்கொள்ளட்டும் என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. எல்விஎம்மின் பயனே அதுதான். டிஸ்க்குக்கும் கோப்பு முறைக்கும் நடுவில் ஓர் அடுக்கை வைப்பதால், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இடத்தைக் கூட்டலாம்.

இன்னொன்று, சர்வரில் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் லாக் கோப்புகள் சேரும் 'வார்' என்ற பகுதியைத் தனியாகப் பிரிக்கலாம். ஏதோ ஒரு மென்பொருள் பைத்தியம் பிடித்தாற்போல் நொடிக்கு ஆயிரம் வரி எழுதித் தள்ளினாலும், அதன் பகுதி மட்டும் நிரம்பும். மொத்த சர்வரும் மூச்சுத் திணறாது.

உண்மையான பெட்டியில், பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்தும் ரெய்டு பற்றியும் கேட்பார்கள். ரெய்டு 1 என்றால் ஒரே தரவு இரண்டு டிஸ்க்கிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றொன்று தாங்கும். ரெய்டு 5-க்குக் குறைந்தது மூன்று டிஸ்க் வேண்டும், அதில் ஒன்று பழுதாகலாம். இவை எதுவும் பேக்கப் ஆகாது. நீங்கள் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால், ரெய்டு அதை இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழித்துவிடும்.

முகவரி, பெயர், கதவு

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் ஐபி முகவரி வேண்டும். 10 என்று தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை ஆகியவை உள் நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. உலகில் எந்த அலுவலகமும் வீடும் இவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நம் மேசைக் கணினிகளுக்கு இவற்றில் ஒன்றை டிஹெச்சிபி என்ற சேவை குத்தகைக்குக் கொடுக்கிறது. புதிதாக வந்த கணினி "யாராவது முகவரி தருகிறீர்களா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கூவும். டிஹெச்சிபி சர்வர் ஒரு முகவரியை நீட்டும். கணினி "அதையே தாருங்கள்" என்னும். சர்வர் "எடுத்துக்கொள்" என்று குறித்துக்கொள்ளும்.

குத்தகை என்பதால் முகவரி நாளை மாறலாம். மேசைக் கணினிக்கு அதனால் நட்டமில்லை. சர்வருக்கு அப்படியில்லை. பல பேர் தேடி வரும் இடம் ஒவ்வொரு வாரமும் இடம் மாறினால் என்னாவது? ஆகவே சர்வருக்கு நிலையான முகவரி வைப்போம்.

உபுண்டுவில் நெட்பிளான் என்ற அமைப்பின் கோப்பில் இதை எழுத வேண்டும். அந்தக் கோப்பில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிகளுக்கும் அர்த்தம் உண்டு. ஓர் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் பிழை, டேப் விசையை அழுத்தினாலும் பிழை. ஆனால் இதை எழுதியவர்கள் ஓர் அருமையான வசதியும் வைத்திருக்கிறார்கள். மாற்றத்தை 'ட்ரை' கட்டளையால் சோதித்தால், 120 நொடிகளுக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே தானாகத் திரும்பிவிடும். தொலைவிலிருந்து வேலை செய்பவருக்கு அந்த 120 நொடிகள் உயிர்க்கயிறு.

எண்களை மனிதர்கள் நினைவில் வைக்க மாட்டார்கள் என்பதால் வந்தது டிஎன்எஸ். பெயரைக் கொடுத்தால் முகவரியைத் தரும். 1983-இல் பால் மொகபெட்ரிஸ் வடிவமைத்தது, இன்றும் இணையம் அதன் மேல்தான் நிற்கிறது. 'நெட்வொர்க் வேலை செய்யவில்லை' என்று யாராவது சொன்னால் முதலில் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஐபி முகவரியை நேரடியாகக் கொடுத்துத் தொடர்புகொள்ள முடிகிறதா? முடிகிறது, பெயரைக் கொடுத்தால் மட்டும் முடியவில்லை என்றால், கோளாறு டிஎன்எஸ்ஸில். கம்பியைக் கழற்றி மாட்டுவதில் ஒரு மணி நேரம் வீணாகாது.

முகவரி என்பது கட்டடம் என்றால், போர்ட் என்பது அதன் கதவு எண். தரவை அனுப்பும் இரு முறைகளான டிசிபி, யுடிபி ஆகிய ஒவ்வொன்றிலும் 65,535 வரை கதவுகள் உண்டு. இணையதளம் 80, 443. டிஎன்எஸ் 53. மின்னஞ்சல் சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்வது 25. எந்தக் கதவுகள் திறந்திருக்கலாம் என்று தீர்மானிப்பது ஃபயர்வால். எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகத் திறப்பதுதான் முறை. எல்லாம் திறந்திருக்க, ஆபத்தானதை மட்டும் தேடித் தேடி மூடுவது வேலைக்காகாது. எது ஆபத்து என்று முழுதாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

கதவு 22-ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது எஸ்எஸ்ஹெச்சின் கதவு. சர்வருக்கு எதிரே உட்காராமல், நம் இடத்திலிருந்தே அதற்குள் நுழைந்து வேலை செய்வதற்கான வழி. முன்பு டெல்நெட் இருந்தது. அதில் கடவுச்சொல் உட்பட எல்லாம் வெட்டவெளிச்சமாகக் கம்பியில் போகும், நடுவில் காதுகொடுப்பவர் படித்துவிடலாம். 1995-இல் ஃபின்லாந்தில், தம் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் அப்படிக் கடவுச்சொற்கள் திருடப்பட்ட பிறகு, டாட்டு யூலோனென் எழுதியதுதான் எஸ்எஸ்ஹெச். 21-இல் கோப்புகளை அனுப்பும் எஃப்டிபியும் 23-இல் டெல்நெட்டும் இருந்தன. அவற்றுக்கு மாற்றாக வந்தது, நடுவில் காலியாக இருந்த 22-ஐக் கேட்டு வாங்கிக்கொண்டது.

எஸ்எஸ்ஹெச்சில் கடவுச்சொல்லுக்குப் பதில் சாவி இணை வைத்துக்கொள்ளலாம். ஒன்று நம்மிடம் ரகசியமாக இருக்கும், அதன் ஜோடி சர்வரில் இருக்கும். இணையத்தில் நேரடியாகத் தெரியும் எந்த சர்வரிலும் 22-ஆம் கதவை, கடவுச்சொற்களை ஊகித்துக்கொண்டு தானியங்கி நிரல்கள் இரவு பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கும். லாகைத் திறந்தால் கண்ணால் பார்க்கலாம். சாவியை வைத்துக்கொண்டு கடவுச்சொல் வழியை அடைத்துவிட்டால் அத்தனை தட்டலும் வீண்.

இங்கே ஓர் எச்சரிக்கை, என் அனுபவத்திலிருந்து. தொலைவில் இருந்த ஒரு சர்வரில் ஃபயர்வாலை இயக்கினேன். 22-ஐத் திறக்கும் விதியை அதற்கு முன் சேர்க்க மறந்துவிட்டேன். அதன் பிறகு புதிதாக உள்ளே நுழைய வழியே இல்லாமல் போனது. வேறொருவர் நேரில் போய், கீபோர்டும் திரையும் மாட்டிச் சரிசெய்யும் வரை பலருடைய வேலை நின்றது. அந்த மூன்று மணி நேரம் இன்னும் நினைவிலிருக்கிறது. அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. எஸ்எஸ்ஹெச்சையோ ஃபயர்வாலையோ தொடும் முன் இரண்டாவது ஜன்னலில் இன்னொரு இணைப்பைத் திறந்து வைத்துக்கொள்வேன். மாற்றம் செய்த பிறகு, மூன்றாவதாக ஒரு புது இணைப்பு உள்ளே வருகிறதா என்று பார்ப்பேன். வந்தால்தான் பழையவற்றை மூடுவேன்.

யாருக்கு எவ்வளவு உரிமை

லினக்ஸில் 'ரூட்' என்பவர் எதையும் செய்யலாம், யாரும் தடுக்க முடியாது. அதனாலேயே நாள் முழுவதும் ரூட்டாக உட்காரக் கூடாது. சாதாரணப் பயனராக நுழைந்து, தேவைப்படும்போது மட்டும் 'சூடோ' என்று முன்னால் சேர்த்து அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் உரிமை வாங்கிக்கொள்ள வேண்டும். யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற பதிவும் அதில் விழும்.

கோப்பு உரிமை எண்களைப் பார்த்துப் புதியவர்கள் மிரள்வார்கள். கணக்கு எளியது. படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்று இலக்கங்கள் வரிசையாக உரிமையாளர், அவருடைய குழு, மற்றவர்கள். 755 என்றால் உரிமையாளருக்கு மூன்று உரிமையும் (4+2+1), மற்ற இருவருக்கும் படிக்கவும் இயக்கவும் மட்டும் (4+1). ஏதாவது வேலை செய்யாதபோது 777 போட்டால் சரியாகிவிடுகிறது என்று பலர் அதையே மருந்தாக எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டுப் பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைக்கிற வேலை அது. எந்தப் பயனரின் பெயரில் அந்தச் சேவை ஓடுகிறது, அவருக்கு எந்தக் கோப்பில் என்ன உரிமை இல்லை என்று தேடுங்கள். பத்து நிமிடம் கூடுதலாக ஆகும், ஆனால் அன்றைக்கு உண்மையிலேயே ஒன்று கற்றிருப்பீர்கள்.

விண்டோஸ் சர்வரில் பகிரப்பட்ட ஃபோல்டருக்கு இரண்டு அடுக்கு உரிமை: பகிர்வின் உரிமை ஒன்று, கோப்பு முறையான என்டிஎஃப்எஸ்ஸின் உரிமை இன்னொன்று. நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். 'எல்லா உரிமையும் கொடுத்தேன், இன்னும் எழுத முடியவில்லை' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே விடை. அப்புறம், உரிமையைத் தனி ஆட்களுக்குக் கொடுக்காமல் குழுக்களுக்குக் கொடுங்கள். ஆட்கள் வருவார்கள், போவார்கள். கணக்குப் பிரிவு என்ற குழு இருந்துகொண்டே இருக்கும்.

ஓடிக்கொண்டே இருக்கச் செய்வது

ஒரு சேவையைத் தொடங்குவதும், கணினி எழும்போதெல்லாம் அது தானாகத் தொடங்க வேண்டும் என்று சொல்வதும் வெவ்வேறு. இன்றைய பெரும்பாலான லினக்ஸில் சேவைகளைக் கவனிப்பது சிஸ்டம்டி. அதில் 'ஸ்டார்ட்' என்றால் இப்போது தொடங்கு, 'இனேபிள்' என்றால் இனிமேல் ஒவ்வொரு முறையும் தொடங்கு. முதலாவதை மட்டும் செய்துவிட்டு மறந்தால் சேவை மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடும். ஒருநாள் மின்சாரம் போய் வரும், சேவை வராது. அதை அமைத்தவருக்கே அப்போது எதுவும் ஞாபகம் இருக்காது. எனவே எதை அமைத்தாலும், அன்றைக்கே ஒருமுறை சர்வரை மறுதொடக்கம் செய்து பார்த்துவிடுங்கள். கோளாறு வருவதாக இருந்தால் எல்லாம் நினைவில் இருக்கும்போதே வரட்டும்.

லாக் படிப்பதுதான் இந்தத் தொழிலின் உண்மையான கைத்திறன். லினக்ஸில் ஜர்னல்சிடிஎல் கட்டளையும் 'வார் லாக்' ஃபோல்டரும், விண்டோஸில் ஈவென்ட் வியூவரும். புதியவர்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு அதை அப்படியே தேடுபொறியில் போடுவார்கள். கடைசி வரி பெரும்பாலும் விளைவைத்தான் சொல்லும். கொஞ்சம் மேலே போய், முதன்முதலில் எங்கே கோணலாயிற்று என்று பாருங்கள். காரணம் அங்கே இருக்கும். எல்லாம் நன்றாக இருக்கும் நாளிலும் லாகைப் படிக்க வேண்டும். ஆரோக்கியமான நாடி தெரியாதவருக்குக் காய்ச்சல் நாடி எப்படிப் பிடிபடும்?

சர்வரைப் படுக்க வைக்கும் காரணங்களில் மிகச் சாதாரணமானது டிஸ்க் நிரம்புவது. இதில் இரண்டு விசித்திரங்கள் உண்டு. பெரிய லாக் கோப்பை அழித்தும் இடம் கூடவில்லை என்றால், ஏதோ ஒரு நிரல் அந்தக் கோப்பை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அந்த நிரலை மறுதொடக்கம் செய்தால்தான் இடம் திரும்பும். இன்னொன்று, இடம் நிறைய இருப்பதாகக் காட்டும், ஆனால் புதிய கோப்பை உருவாக்க முடியாது. லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகள் சேர்ந்து, ஐநோடு எனப்படும் குறிப்பேட்டுப் பக்கங்கள் தீர்ந்திருக்கும். இரண்டையும் விர்ச்சுவல் மெஷினில் வேண்டுமென்றே உருவாக்கிப் பாருங்கள். ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு, நிஜத்தில் வரும்போது ஐந்து நிமிட வேலை.

கடிகாரத்தையும் மறக்காதீர்கள். ஆக்டிவ் டைரக்டரி பயன்படுத்தும் கெர்பரோஸ் என்ற அடையாளச் சோதனை, இரு கணினிகளின் நேரத்துக்கு இடையே ஐந்து நிமிட வித்தியாசத்தைத்தான் இயல்பாகப் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் சரியான கடவுச்சொல்லையும் ஏற்காது. கணினிகளின் கடிகாரங்களை ஒன்றோடொன்று பொருத்தும் என்டிபி மூலம் நேரத்தைச் சீராக வைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

புதுப்பித்தல் பற்றிச் சுருக்கமாக: உபுண்டுவும் டெபியனும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமாகவே நிறுவும்படி வைக்கலாம், வையுங்கள். மைக்ரோசாஃப்டின் திருத்தங்கள் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும். கெர்னல் மாறினால் மறுதொடக்கம் வேண்டும், அதற்கென்று ஒரு நேரத்தைப் பயனர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பேக்கப்: திரும்ப எடுத்துப் பார்த்தால்தான் கணக்கு

மென்பொருள் எழுதுபவர்கள் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லாப் நிறுவனம் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2017 ஜனவரி 31 அன்று, தரவுத்தளக் கோளாறு ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர் ஒரு ஃபோல்டரை அழிக்கும் கட்டளையை இட்டார். துணைச் சர்வரில் இருப்பதாக நினைத்தார். இருந்தது முதன்மைச் சர்வரில். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் 300 ஜிபி அளவில் இருந்த தரவில் ஏறத்தாழ எல்லாமே போய்விட்டன. பேக்கப் இருக்கிறதே என்று போனார்கள். அன்றாட பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பு, தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களோ சேர வேண்டியவர்களுக்குச் சேரவேயில்லை. பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலி. அன்று வேறு ஒரு வேலைக்காகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்திருந்த ஓர் எல்விஎம் ஸ்னாப்ஷாட் தற்செயலாக இருந்தது. அதுதான் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்துத் தரவு திரும்பவில்லை.

இதை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். மறைக்காமல் எழுதியதற்காக அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. சர்வரின் பெயரை ஏன் அலட்சியமாக வைக்கக் கூடாது என்று முன்பு சொன்னேன் அல்லவா? அழிக்கும் கட்டளை எதையும் இடும் முன், எந்த சர்வரில் இருக்கிறேன் என்று கட்டளை வரியின் தொடக்கத்தில் தெரியும் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். அந்தப் பெயர் சட்டென்று வித்தியாசம் காட்டுவதாக இருக்க வேண்டும்.

பேக்கப்புக்கு 3-2-1 என்றொரு விதி புழக்கத்தில் இருக்கிறது. தரவு மூன்று நகல்களாக, இரண்டு வகை ஊடகங்களில், அவற்றில் ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில் இருக்கட்டும் என்பது அது. அந்த விதிக்குள் எழுதப்படாத இன்னொரு பாதியும் உண்டு: மாதம் ஒருமுறை, பேக்கப்பிலிருந்து தரவை ஒரு காலி விர்ச்சுவல் மெஷினில் திரும்பக் கொண்டுவந்து திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி உடைக்கலாம்

இவ்வளவும் அமைத்த பிறகு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கெடுங்கள். கணினி எழும்போது எந்த டிஸ்க்கை எங்கே பொருத்துவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், இல்லாத ஒரு டிஸ்க்கின் பெயரை எழுதிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். அவசர நிலைத் திரையில் வந்து நிற்கும். அங்கிருந்து மீளுங்கள். கடவுச்சொல்லை மறந்தவராக நடித்து உள்ளே நுழைய வழி தேடுங்கள். டிஎன்எஸ் முகவரியைத் தவறாக எழுதிவிட்டு, ஒரு நாள் கழித்து வந்து, என்ன கோளாறு என்று தெரியாதவர்போல் லாகிலிருந்து கண்டுபிடியுங்கள். நண்பர் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. அவர் உங்களுக்குச் சொல்லாமல் ஒன்றைக் கெடுக்கட்டும், நீங்கள் தேடுங்கள். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவது கடைசி வழியாக இருக்கட்டும். முதலில் ஒரு மணி நேரமாவது போராடுங்கள்.

இதற்கெல்லாம் பக்கத்தில் ஒரு நோட்டு வேண்டும். காகித நோட்டோ எழுத்துக் கோப்போ, எதுவானாலும் சரி. தேதி, எந்தக் கோப்பை மாற்றினேன், முன்பு என்ன இருந்தது, ஏன் மாற்றினேன். 'ஏன்' என்பதை விடாதீர்கள். என்ன மாற்றினோம் என்பதைக் கோப்பைப் பார்த்தாவது கண்டுபிடிக்கலாம், ஏன் என்பது நோட்டில் மட்டுமே இருக்கும். அன்சிபிள் போன்ற கருவிகள் இந்த நோட்டையே இயந்திரம் படித்துச் செயல்படுத்தும் வடிவில் எழுத வைக்கின்றன. ஆனால் அதற்கு அவசரப்பட வேண்டாம். கையால் பலமுறை செய்து அலுத்த பிறகு அங்கே போனால், அது எதற்காக என்று விளக்கவே தேவைப்படாது.

நோட்டு ஓரளவு நிரம்பியதும், அந்த விர்ச்சுவல் மெஷினை முழுதாக அழித்துவிட்டு, நோட்டை மட்டும் பார்த்து முதலிலிருந்து சர்வரை எழுப்புங்கள். இணையத்தில் தேடக் கூடாது, நினைவிலிருந்தும் செய்யக் கூடாது. நோட்டில் இல்லாத எதையாவது கை தானாகச் செய்யப் போனால், அங்கேயே நிறுத்தி, அதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.